வெண்டைக்காய் அறுக்கப் போனவன்

என் கணவருக்கு வந்த ஒரு காய்ச்சல் அவருடைய மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் சில நாளில் விட்டது, இருமலும் அடங்கியது, வாசனை மட்டும் திரும்பவில்லை. வேறொருவருக்கு அது சின்னச் சங்கடமாக இருந்திருக்கும். அவர் சமையல்காரர். கூலாய் ஊரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பல வருடங்களாகக் குழம்புச் சட்டிகள் அவர் பொறுப்பில்தான் இருந்தன. கரண்டியை நாக்கில் வைக்காமலே, எழும்பும் ஆவியை முகர்ந்து உப்பு போதுமா என்று சொல்லிவிடுவார். காய்ச்சலுக்குப் பிறகு வேலைக்குப் போன முதல் வாரம், தாளிப்பு கருகியது தெரியாமல் ஒரு பெரிய சட்டிச் சாம்பாரை வீணாக்கினார். அடுத்த வாரம் புளித்துப்போன தேங்காய்ப்பாலை மீன் குழம்பில் ஊற்றிவிட்டார். முதலாளி திட்டவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே, சரியானதும் வாங்க லா" என்று தோளைத் தட்டி அனுப்பினார். திட்டியிருந்தால்கூட இவர் அவ்வளவு உடைந்திருக்க மாட்டார்.

எங்கள் வீடு செடெனாக் பக்கம் ஒரு தாமானில், வரிசைவீட்டுக் குடியிருப்பில், கடைசி வரிசையில் இருக்கிறது. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் சிமெண்டுச் சந்து. சந்தைத் தாண்டி மழைநீர் ஓடும் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், கண் போகும் தூரம் வரை. பகலிலும் அதற்குள் வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். உருப்பெருக்கிக்குக் கீழே வரும் மின்சுற்றுப் பலகைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. அந்த வேலைக்குப் பழகிய ஆள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அவர் கால்வாய் ஓரம் இருந்த துண்டு நிலத்தைக் கொத்த ஆரம்பித்தார். செம்மண், மேலே லாலாங் புல். கோழி எரு மூட்டைகளை வாங்கி வந்து போட்டார். வாடை தாங்க முடியாமல் பக்கத்து வீடுகள் எல்லாம் ஜன்னலைச் சாத்தின. அவருக்கு அந்த வாடையும் தெரியாது. எருவைக் கையால் அள்ளிக்கொண்டே, "உனக்கு நாறுதா?" என்று என்னைக் கேட்டார். பொறாமையோடு கேட்ட மாதிரி இருந்தது.

வெண்டைக்காயை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பிறகுதான் புரிந்தது. கொத்தமல்லியோ கறிவேப்பிலையோ வைத்தால் ஒவ்வொரு தடவை தொடும்போதும் மனசு நோகும். வெண்டைக்கு மூக்கு வேண்டாம், விரல் போதும். நுனியை மடக்கினால் பிஞ்சு பட்டென்று முறியும், முற்றல் வளையும். இலையின் சுணை கையெல்லாம் அரிக்கும். காலையில் விரியும் மஞ்சள் பூவின் நடுவே இருண்ட கருஞ்சிவப்பு, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். எல்லாம் கண்ணாலும் கையாலும் தெரிந்துகொள்ளக் கூடியவை. சாப்பிடும்போதும் அப்படித்தான். கொதிநீரில் போட்டு எடுத்து சம்பால் பிளாச்சான் என்ற காரமான இறால் துவையலோடு கொடுத்தால், மேலே உள்ள நறுக்கென்ற கடியும் உள்ளே உள்ள வழவழப்பும் விதைகள் பல்லில் வெடிப்பதும் அவருக்குக் கிடைத்தது. "சோறு பஞ்சு மாதிரி இருக்கு. இது மட்டும்தான் சாப்பாடு மாதிரி இருக்கு" என்பார்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு வயதான மலாய்க்கார அம்மா தனியாக இருக்கிறார். மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். காய் மிஞ்சினால் அவருக்குப் போகும். அவர் திருக்கை மீன் போட்டு ஆசாம் பெடாஸ் குழம்பு வைத்து, எங்கள் வெண்டைக்காயை முழுசாகவே அதில் மிதக்கவிட்டு ஒரு கிண்ணம் அனுப்புவார். அந்தப் புளிப்பும் காரமும் மூக்கைத் திறக்கும் என்று நான் நம்பினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வேர்த்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. எனக்கு விடுமுறை. நண்பகல். பறவைச் சத்தம்கூட இல்லாத வெயில். நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த கதவு வழியாக அவர் வெண்டைச் செடிகளுக்கு நடுவே குனிந்திருப்பது தெரிந்தது. திடீரென்று நிமிர்ந்தார். கையில் ஒரு காய், அதை வைத்தபடியே செம்பனைப் பக்கம் திரும்பி அசையாமல் நின்றார். பாம்போ என்று நினைத்து நான் ஓடினேன்.

"என்னாங்க?"

"புளி கொதிக்குது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"புளிக்குழம்பு. வெண்டைக்காய வதக்கிப் போட்டிருக்காங்க. கருவாடு இருக்கு. வெந்தயத்தக் கொஞ்சம் தீய விட்டுட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "உனக்கு வரலையா?"

நான் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். என் கையிலிருந்த மீன் வாடை, காய்ந்த எரு, சூடான மண். வேறு எதுவும் இல்லை. காற்றும் எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து காட்டை நோக்கித்தான் வீசிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கி நின்றார். மாதக் கணக்கில் ஒரு வாசனையும் அறியாதவர். நான் கையை அவர் மூக்கருகே கொண்டுபோய், "இந்த மீன் தெரியுதா?" என்றேன். தலையை ஆட்டினார். மீன் தெரியவில்லை. எங்கேயோ கொதிக்கும் குழம்பு மட்டும் தெரிந்தது. சிறிது நேரத்தில் அதுவும் போய்விட்டது.

கிளினிக்கில் டாக்டரிடம் சொன்னோம். இது வழக்கமாக நடப்பதுதான், வாசனை போனவர்களுக்கு மூளை தானாகவே ஒரு வாசனையை உண்டாக்கிக் காட்டும், சிலருக்குப் புகை, சிலருக்குக் கெட்ட வாடை, உங்களுக்கு நல்லதாக வந்திருக்கிறது என்று அவர் சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதே உச்சி வேளையில் அவர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னிக்கு வெந்தயம் சரியா பொரிஞ்சிருக்கு" என்று சொன்னபோது அந்த நிம்மதி போய்விட்டது. வார நாட்களில் ஒன்றும் வருவதில்லை. சனிக்கிழமை மட்டும், நண்பகல் மட்டும். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தது.

மக்சிக்கிடம் வேலியோரம் நின்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மரங்களுக்குள் ஒரு மேடு இருக்கிறது, அந்தப் பக்கம் நண்பகலில் யாரும் போவதில்லை என்றார் மலாயில். புனியான் என்று மெதுவாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாமல் காட்டுக்குள் குடும்பமாக வாழ்கிறவர்கள். சமைப்பார்கள், கல்யாணம் செய்வார்கள், பிடித்த மனிதரை அழைத்துக்கொள்வார்கள். "போனால் போகட்டும், கொடுக்கிறதை மட்டும் சாப்பிட வேண்டாம் என்று உன் புருஷனிடம் சொல். சாப்பிட்டவன் திரும்புவதில்லை."

இதை அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை காலையிலேயே காலுறையும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு கால்வாய் ஓரம் போய் உட்கார்ந்துவிட்டார். தனியாக விட எனக்கு மனமில்லை. நானும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். வெயில் உச்சிக்கு ஏறியதும் அவர் எழுந்தார். "வந்துடுச்சு. வா."

கால்வாயின் குறுக்கே கிடந்த பலகையில் ஏறி அந்தப் பக்கம் போனோம். செம்பனைக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலைச் சத்தம் அறுந்துபோனது. காய்ந்த மட்டைகள் காலுக்குக் கீழே முறிந்தன. வரிசைக்கு வரிசை எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் நாங்கள் நடக்கிறோமா நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. கயிற்றால் இழுக்கப்படுகிற மாதிரி முகத்தை முன்னே நீட்டிக்கொண்டு போனார். இரண்டு தடவை "இருங்க" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

நிலம் மெல்ல மேடானது. மரங்கள் விலகின. அங்கே, யாரும் விதைத்திருக்க முடியாத இடத்தில், வெண்டைச் செடிகள் நின்றன. செடி என்று சொல்லக்கூடாது. என் தலைக்கு மேலே கை எட்டாத உயரம், என் மணிக்கட்டுப் பருமனில் தண்டு. கடையில் வாங்குகிற மாதிரிக் கரும்பச்சைக் காய் இல்லை. வெளிறிய பச்சை, கிட்டத்தட்ட வெள்ளை, நீளமாக விரல்களைப் போல மேல்நோக்கி நின்றது. ஒரு செடியிலும் முற்றிய காய் இல்லை. பறிக்கும் பருவத்துக் காயெல்லாம் கத்தியால் சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த காம்புகளில் ஈரம் இருந்தது.

அப்போதுதான் எனக்கும் வாசனை வந்தது. புளியும் கருவாடும் விறகுப் புகையும். அவர் மூளை உண்டாக்கிய வாசனை என் மூக்கில் எப்படி வரும்?

செடிகளுக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்டுத் தரை இருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, விரிசல்களில் புல். ஒரு மூலையில் மூன்று செங்கல் அடுப்பு, அதன்மேல் மண்சட்டி. அதன் பக்கத்தில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். டி-சட்டையும் கைலியும். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. என்னைப் பார்க்கவே இல்லை. என் கணவரைப் பார்த்தாள். கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. எழுந்திருக்க முயன்று முடியாமல் தரையில் கையை ஊன்றினாள். அவள் முகத்தில் நான் பார்த்தது பயமில்லை. வெகுநேரம் காத்திருந்த பேருந்து வளைவில் திரும்புவதைப் பார்க்கிறவர்களின் முகம் அது.

"வந்துட்டியா தம்பி" என்றாள். பிறகு, ஏதோ தாமதத்துக்குக் கோபித்துக்கொள்கிற மாதிரி, "உக்காரு. ஆறிடும்."

இவர் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்து, இல்லாத வாசற்படியைத் தாண்டுகிறவர் போலக் காலைத் தூக்கி வைத்து, உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் பீங்கான் பூசிய தகரத் தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். நான் "வேணாங்க" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். மக்சிக் சொன்னது என் காதில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். சாப்பிடச் சாப்பிடக் கண்ணீர் ஓடியது. அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாராங்கோடு செடி ஓரத்தில் நின்றேன். அவளை வெட்டவா கொண்டுவந்தேன்? கை மட்டும் அதை விடமாட்டேன் என்றது.

தட்டு காலியானதும் அவர்தான் பேசினார். "அக்கா, நான் நீங்க நினைக்கிற ஆளு இல்ல. நாங்க பின்னால தாமான்ல இருக்கோம்."

அவள் காலித் தட்டை வாங்கிக்கொண்டாள். "தெரியும்" என்றாள். "உக்காந்ததும் தெரிஞ்சிடுச்சு. அவன் இடது கையால சாப்பிடுவான், அம்மா அடிச்சும் மாறல. ஆனா பசியோட வந்தவங்கள பாதியில எழுப்பக் கூடாதுல்ல." பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கத்திய கீழ வைம்மா. நீயும் வா, சாப்பிடு" என்றாள்.

சாப்பிடாமல் எப்படி வருவது? இவர் சாப்பிட்டுவிட்டார். போனால் இரண்டு பேருமாகப் போவோம் என்று நானும் உட்கார்ந்தேன். அந்த வெண்டைக்காய் நார் இல்லாமல், வாயில் வைத்ததும் உடைந்து, புளியை உள்ளே தேக்கி வைத்திருந்தது. அவ்வளவு ருசியான குழம்பை நான் சாப்பிட்டதில்லை. அவ்வளவு பயந்துகொண்டும் எதையும் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்ட பிறகு அக்கா சொன்னார். அந்தச் சிமெண்டுத் தரை அவர்களுடைய லயத்து வீட்டுச் சமையலறை. அந்த மேட்டில் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு வரிசை வீடுகள் இருந்தனவாம். பதினெட்டு வயதில் அவருடைய தம்பிக்கு சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு நண்பகலில் அம்மா புளிக்குழம்பு வைத்தாள். குழம்பு கொதித்த பிறகு காய் குறைவாகத் தெரிந்தது. "பின்னால போய் நாலு வெண்டைக்கா அறுத்துட்டு வாடா, சாப்பாடு ரெடி" என்றாள். அவன் பேசின் பாத்திரத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனான்.

"வரல" என்றார் அக்கா. "கொஞ்ச நேரம் பாத்துட்டு நான் போனேன். பேசின் இருந்துச்சு. அதுல காய் அறுத்துப் போட்டிருந்துச்சு. கத்திய மேல குறுக்க வச்சிருந்தான், எப்பவும் அப்படித்தான் வைப்பான். அவன் மட்டும் இல்ல."

போலீஸ் வந்தது. நாய் வந்தது. வெண்டைப் பாத்தியின் கடைசிச் செடி வரை முகர்ந்துகொண்டு போய் அங்கேயே படுத்துவிட்டதாம். வேலைக்குப் போகப் பிடிக்காமல் ஓடிவிட்டான் என்றார்கள் சிலர். புனியான் அழைத்துக்கொண்டது என்றார்கள் மலாய்க்காரர்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் முதல் ஒவ்வொரு நண்பகலும் அதே குழம்பை வைத்துப் பின்கதவைத் திறந்து வைத்தாள். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, ஆட்களை அப்புறப்படுத்தினபோது குளுவாங்கில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனார்கள். அம்மா அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. சாகும்போது மகளிடம் இந்த ஒரு வேலையைத்தான் விட்டுவிட்டுப் போனாள். அக்கா இப்போது கூலாயில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். சனிக்கிழமைதான் விடுமுறை.

நான் கேட்டேன், "இது படையலாக்கா?"

அவர் முகம் சட்டென்று மாறியது. "படையல் செத்தவங்களுக்கு. இது சாப்பாடு." அடுப்பைக் கிளறிவிட்டுச் சொன்னார்: "அங்க கொடுக்கிறத சாப்பிட்டா திரும்ப முடியாதுன்னு சொல்றாங்க. அப்ப அவன் சாப்பிடாமத்தானே இருப்பான்? எனக்குத் தெரியும், அவன் வீம்புக்காரன். பசியோடவே இருப்பான். வாசனைக்கு வருவான். வேற வீட்டு அட்ரஸ் அவனுக்குத் தெரியாதே."

கிளம்பும்போது அவர் இன்னொரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு, பின்கதவு இருந்த இடத்தில், ஒரு உடைந்த படிக்கல்லின் மேல் வைத்தார். போன வாரம் வைத்த தட்டு அங்கேயே இருந்தது. சுத்தமாகக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது.

"குரங்கு தின்னுடுமேக்கா. இல்லன்னா நாய்" என்றேன்.

"நாய் தட்டக் கழுவி கவுத்து வைக்குமா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

பழக்குலை அறுக்க வரும் இந்தோனேசியத் தொழிலாளிகள்தான் சாப்பிட்டுக் கழுவி வைக்கிறார்கள் என்று நான் முடிவு செய்தேன். அதுதான் நியாயமான விளக்கம். வாரநாளில் ஒரு மாலை கால்வாய் ஓரம் மோட்டார்சைக்கிளை நிறுத்தியிருந்த ஒருவரிடம் கேட்டும் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே காதுகொடுத்தார். தட்டு என்றதும் சிரிப்பு நின்றது. அந்த மேட்டுப் பக்கத்து மரங்களை நாங்கள் காலையிலேயே அறுத்து முடித்துவிடுவோம், அங்கே இறங்கிச் சாப்பிடுகிற ஆள் எங்களில் இல்லை என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றும் இருந்தது. அந்த முதல் நாள் நாங்கள் வந்த திசையை இவர் காட்டியபோது அக்கா புருவத்தைச் சுருக்கினார். "அந்தப் பக்கமா? காத்து எப்பவும் இங்கேர்ந்து எதிர்ப்பக்கப் பள்ளத்துக்குத்தான் போகும். உங்க வீட்டுப் பக்கம் புகையே வராதே." நான் கேட்டேன், "வெந்தயம் தீஞ்ச அன்னிக்கு ஞாபகம் இருக்காக்கா?" அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சில வாரங்களுக்கு முன் ஒருநாள் பின்னால் சருகுச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்ததாகவும், அந்த நேரத்தில் வெந்தயம் கருகிவிட்டதாகவும் சொன்னார். யாரும் இல்லையாம்.

அதற்குப் பிறகு நாங்கள் பல சனிக்கிழமைகள் போனோம். பயம் ஒரு வழக்கமாக மாறிவிட்டது, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. இவர் விறகு பொறுக்குவார், நான் காய் அறுப்பேன். அறுக்கும்போது அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். நான் "இருக்கேன்க்கா" என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிட்டும் பதில் வரத் தாமதமானால் அடுப்பை விட்டு எழுந்து வந்துவிடுவார். ஒரு தடவை கடைசிச் செடியின் தாழ்ந்த கிளைக்குக் குனிந்திருந்தபோது, அக்கா குரல் கேட்டு "இருக்கேன்க்கா" என்றேன். நிமிர்ந்து பார்த்தால், அக்கா வாயில் ஊதுகுழலை வைத்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அந்தக் கடைசிச் செடியில் நான் காய் அறுக்கவில்லை.

பிறகு நிலம் விற்றுப்போனது. இந்தப் பக்கமெல்லாம் இப்போது ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்புகின்றன, உள்ளே கம்ப்யூட்டர்கள் மட்டும் வாழுமாம். முதலில் அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள், பிறகு தகர வேலி வந்தது, பிறகு மண்வாரி இயந்திரங்கள். மேடு இருந்த இடம் ஒரு வாரத்துக்குள் செம்மண் சமதளமாகிவிட்டது. வேலி அடைப்பதற்கு முந்தைய சனிக்கிழமை அக்கா விதைக்கு விட்டிருந்த முற்றல் காய்களைப் பறித்துக்கொண்டார். சிமெண்டுத் தரையைத் துடைப்பத்தால் பெருக்கினார். அழவில்லை. படிக்கல்லை எடுத்துப்போகலாம் என்று புரட்ட மூன்று பேரும் முயன்றோம். அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை முன்கதவை யாரோ தட்டினார்கள். அக்கா, கையில் மண்சட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் கருவாடு.

"உங்க பின்கதவு அந்தப் பக்கம் பாத்துத்தானே இருக்கு?" என்றார்.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்குள்ளே இது வேண்டாம் என்று என் வாய்வரை வந்தது. யாருக்காக என்று தெரியாமல் கதவைத் திறந்து வைப்பது சின்னக் காரியமில்லை. இவர்தான் "உள்ள வாங்கக்கா" என்றார்.

அன்று முதல் சனிக்கிழமை நண்பகல் எங்கள் சமையலறை அவருடையது. அவர் கொடுத்த விதை எங்கள் பாத்தியில் முளைத்து, அதே வெளிறிய காய் காய்த்தது. மக்சிக் முதலில் பின்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வேலிக்கு அப்பாலிருந்து காயை மட்டும் கேட்டு வாங்கி ஆசாம் பெடாஸில் போட்டார். கருவாடு வாசனைக்கு அவருடைய பூனை மட்டும் எங்கள் படியில் வந்து படுத்துக்கொண்டது. தட்டை வெளியே வைத்தால் அதில் எறும்பு மொய்க்கும், மறுநாள் சோறு காய்ந்து கிடக்கும். கழுவி வைக்க இங்கே யாரும் வரவில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் வந்ததும் அதைப் பார்ப்பார், தானே கழுவுவார்.

இவருக்கு மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் காப்பி, அப்புறம் மண்ணெண்ணெய், அப்புறம் ஒரு மழை நாளில் ஈரத் துணி. இப்போது வேலைக்குப் போகிறார். தாளிப்பு கருகினால் தெரிகிறது, உப்பைத்தான் இன்னும் நாக்கில் வைத்துப் பார்க்கிறார். மேட்டை இடித்த பிறகு அந்த நண்பகல் வாசனை அவருக்கு ஒரு தடவையும் தூரத்திலிருந்து வரவில்லை. டாக்டர் சொன்ன விளக்கத்தையே இப்போது அவரும் சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சென்ற மாதம் அக்கா கேன்டீனில் வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை போன் வந்தது. "இந்த வாரம் என்னால முடியாதும்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார். இவர் கடையில் இருந்தார், வீட்டில் நான் மட்டும். இன்று ஒருநாள் இல்லாவிட்டால் என்ன என்று துணி துவைக்க உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏற மனம் ஒரு வேலையிலும் ஒட்டவில்லை. யாரோ பசியோடு வெளியில் நிற்கிற வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. எழுந்து போய்க் காயை அறுத்து வந்தேன். என்னைக் கூப்பிட அங்கே யாரும் இல்லாததால் நானே "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு அறுத்தேன்.

வெண்டைக்காயை எண்ணெயில் வழவழப்புப் போக வதக்கினேன். வெந்தயம் சிவக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். புளி கொதித்து, கருவாடு வெந்து, குழம்பு சுண்டியது. சோற்றை இரண்டு தட்டில் போட்டேன். ஒன்றைப் படியில் வைத்துவிட்டு, மேசைக்கு வந்து, திறந்திருந்த பின்கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். தகர வேலிக்கு அப்பால் இயந்திரங்கள் சாப்பாட்டு வேளைக்காக நின்றிருந்தன. அந்த அமைதியில் திடீரென்று மழை பிடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாரல் உள்ளே அடித்து, தரையெல்லாம் ஈரமாகி, என் கால்வரை தண்ணீர் வந்தது. கதவைச் சாத்த எழுந்து, சாத்தாமல் மறுபடி உட்கார்ந்தேன். தரையை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்.